வெளுத்துப்போன காபிப் பை

எவேலியோவுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அத்தனை வருஷமும் மத்தியானம் மூன்று மணிக்குக் காபி தானாகக் கைக்கு வந்தது. எப்படி வருகிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்படியே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். போன மாதம் யோசித்தார். யோசித்ததோடு நிற்காமல் வாயையும் திறந்துவிட்டார்.

"இதுல என்ன பெரிய வித்தை, செனெய்டா? பையில தூளைப் போடுற. மேல வெந்நி ஊத்துற. மிச்சத்தைப் பை பாத்துக்குது."

"ஓஹோ. பையே பாத்துக்குதா?"

"பின்னே?"

"அப்ப உங்களையும் அதுவே பாத்துக்கட்டும். நான் கார்த்தாகோவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். குடிக்கிற மாதிரி ஒரு காபி உங்க கையால போட்டா கூப்பிடுங்க. அன்னிக்கு வரேன்."

அரை மணியில் பஸ் ஏறிவிட்டாள்.

எவேலியோ மீசையை முறுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். மரச் சட்டத்தில் காபி வடிக்கும் துணிப்பை தொங்கியது. கன்னங்கரேல். "சே, மனுஷன் குடிக்கிறதை இதுலயா வடிக்கிறா!" என்று சோப்பைப் போட்டுக் கும்மு கும்மென்று கும்மி, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வாசல் கொடியில் காயப்போட்டார். பை ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி வெளுத்துவிட்டது.

காபிப் பையில் சோப்பு படக்கூடாது, வெறும் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்பது அவர்கள் ஊரான நாரான்ஹோவில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தன் வீட்டில் ஒரு கரண்டியைக்கூடக் கழுவியறியாத எவேலியோவுக்குத் தெரியவில்லை. முதல் வாய் காபி சலவைக்கடை மாதிரி மணத்தது. பத்துத் தடவை வெந்நீரில் போட்டும் வாசனை போகவில்லை. புதுப் பை வாங்கலாமென்றால், கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஐந்தாம் நாள் காபி ஆசை விட்டுப்போயிற்று. வேறு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அவள் வெந்நீரை நூல்போல ஊற்றுவாள். நடுவில் நிறுத்தி, "சேத்துச் செருப்போட உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று திட்டிவிட்டு மறுபடி ஊற்றுவாள். இப்போது சேற்றுச் செருப்போடு வீடெல்லாம் நடந்தார். கேட்பாரில்லை. எதிர் நாற்காலி காலியாக இருப்பது பொறுக்காமல் அதன்மேல் தன் தொப்பியை வைத்தார். தொப்பியைப் பார்க்கப் பார்க்க அழுகைதான் வந்தது.

பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு வேலியோரம் போய் நின்றார்.

"ஒட்டிலியாம்மா, ஒரு உதவி. வெளியில தெரியக்கூடாது."

"சோப்புப் போட்ட பைதானே? கொடியில தொங்கினப்பவே தெரு பூரா பாத்துச்சே!"

"அது கிடக்கட்டும். நாளைக்கு ஃபிளாஸ்க்ல ரெண்டு கப் காபி வேணும். நான் போட்டதா இருக்கணும்."

"பொண்டாட்டிய ஏமாத்தவா?"

"வரவழைக்க."

ஒட்டிலியாவின் சிரிப்பு நின்றது. "ரெண்டே முக்காலுக்கு இங்க வந்து நில்லுங்க" என்றாள்.

எவேலியோ ஓடிப்போய் போன் போட்டார். "செனெய்டா, காபி போட்டுட்டேன். குடிச்சா அசந்துடுவ!"

"உங்க கையாலயா?"

"சத்தியமா!"

"நாளைக்கு வரேன்."

வந்தாள். அதற்குள் ஃபிளாஸ்க் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பதுங்கிவிட்டது. இரண்டு கோப்பைக் காபியில் ஆவி பறந்தது. செனெய்டா நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மரச் சட்டத்தைப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று, சொட்டு ஈரமில்லாமல், பை தொங்கியது. உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்கு."

"நெசமாவா?"

"நான் போடறதைவிட நல்லா இருக்கு."

"அப்ப இங்கேயே இருந்துடுவியா?"

"இருக்கேன். ஆனா இனிமே மூணு மணிக் காபி உங்க பொறுப்பு. நான் இப்படி உக்காந்தே குடிப்பேன்."

எவேலியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆயுசுக்கும் போடறேன், செனெய்டா! தினம் என் கையாலேயே போடறேன்!"

அவள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அவர் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தாள்.

"போடுங்க. நாளையிலேருந்து வெல்லத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க ஒட்டிலியாவை."