பதினாலாம் பக்கம் பார்க்க

அந்த யோசனை தோன்றியபோது என் கையில் பசை டப்பா இருந்தது. அதுதான் வினை. வெறுங்கையோடு இருந்திருந்தால் தூங்கிப்போயிருப்பேன்.

ஐம்பதுகளில் ஒரு கோடை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று மாதம். சென்னைக் கிளைக்குத் தந்தியெல்லாம் சங்கேதத்தில்தான் போகும். 'மண்டே' என்றால் 'பேரம் முறிந்தது'. நிஜத் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டுமானால்? 'கிங்', 'குயின்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று முன்னால் வந்தால் அடுத்த சொல்லை உள்ளபடியே படிக்க வேண்டும். மற்றது வந்தால் சங்கேதப் பொருள்தான், அதுவும் மிக உறுதியாக. எது எதற்கு என்பது சங்கேதப் புத்தகத்தில் ஒரு மூலையில் ஒளிந்து கிடந்தது.

இனி யாரும் தேடி அலையக் கூடாதென்று, வேண்டிய இடத்திலெல்லாம் 'பக்கம் 14 பார்க்க', 'பக்கம் 9 பார்க்க' என்று எழுதினேன். சென்னைப் பிரதிக்கும் குறித்து அனுப்பினேன். அதோடு நிறுத்தினேனா? எங்கள் புத்தகத்தின் முன்னால் பொருளடக்கம் எழுதவென்று ஒரு வெற்றுத் தாளை ஒட்டி, எல்லாப் பக்கத்துக்கும் சிவப்பு மையில் புது எண் போட்டேன். (அழகாகத்தான் இருந்தது. இன்றும் சொல்வேன்.)

மறு வாரம் தந்தி வந்தது: 'கிங் மண்டே.'

தோல் மூட்டைகள் ஸ்டேஷனில் வண்டியோடு நின்றன. நாலு மணிக்கு ரயிலின் சரக்கு வேகனை மூடிவிடுவார்கள். நிஜத் திங்கட்கிழமை என்றால் அன்று கப்பல்; ஏற்றாவிட்டால் தவறும். பேரம் முறிந்தது தெரியாமல் ஏற்றினால், வாங்க ஆளில்லாமல் துறைமுகத்தில் கிடந்து அழுகும். எப்படியானாலும் என் வேலை போகும்.

"ஏலே, கிங்னா என்னலே?" என்றார் முதலாளி.

நூறு முறை படித்தவன் நான். பயத்தில் எல்லாம் மறந்து விக்கல்தான் வந்தது. 'கிங்' என்ற சொல்லுக்கு நேரே நான் எழுதியிருந்த பதினாலாம் பக்கத்தைப் புரட்டினேன். உப்புத் தோல் விவரம். ஓரத்தில் 'பக்கம் 9 பார்க்க'. ஒன்பதில் மூட்டை கட்டும் விதம். ஓரத்தில் 'பக்கம் 14 பார்க்க'.

"இது புத்தகமாலே, குடை ராட்டினமா?"

டிரங்க் கால் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. போனில் சங்கேதத்தை உடைக்கக் கூடாது என்பது மண்டிச் சட்டம். சென்னை மேனேஜர் உற்சாகமாகக் கத்தினார்: "தம்பிதான் அருமையா எழுதி அனுப்பியிருக்காரே! பதினாலாம் பக்கம் பாருங்க!" லைன் அறுந்தது.

மணி மூன்றரை. அப்பா முகம் கண்ணுக்குள் வந்துபோனது. ஏற்றலாமா என்று கேட்க வந்து நின்ற வண்டிக்காரர் கருப்பையா புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. இம்புட்டூண்டு புத்தகம்தானே, மொதத் தாள்லருந்து ஒண்ணொண்ணாப் பொரட்டுனா ஆகாதா?"

புரட்டினோம். பதினாறாம் பக்கத்தில் இருந்தது: 'கிங் - உள்ளபடியே படிக்க.' நான் ஒட்டிய தாளால் எல்லாம் இரண்டு பக்கம் தள்ளிப்போயிருந்தது! எண்களை மாற்றியவன், உள்ளே 'பார்க்க' என்று எழுதியதை மாற்றவில்லை.

"திங்கக்கெழம கப்பலு! ஏத்துங்கப்பா!" முதலாளி கத்த, கருப்பையா ஓடினார். சரக்கு ஏறியது. என் வேலையும் தப்பியது.

இன்றும் வீட்டில் கண்ணாடி எங்கே என்று கேட்டால், பேரப்பிள்ளைகள் "பதினாலாம் பக்கம் பாருங்க தாத்தா" என்கிறார்கள். எனக்கு இப்போது மனைவியின் சமையல் நோட்டின் மேல் கண். ரசப்பொடி மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. இரண்டே நாளில் சரிசெய்துவிடுவேன், அதுவும் பென்சிலால். விஷயம் தெரிந்து அவள் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி எங்கே என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.