உள்ளே சென்ற செல்லாக்காசு

இனிமேல் ஒரே ஒரு சுரங்கக் காசுகூட வாங்கமாட்டேன் என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். என் மனைவி லுரீன் எதிரில் நின்று கேட்டாள். சத்தியம் செய்த கையை எடுத்ததிலிருந்தே எனக்கு அந்தக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைகளில் ஒரு காலத்தில் நிலக்கரி முதலாளிகள்தான் அரசாங்கம். கூலியை டாலராகக் கொடுக்காமல், தாங்களே அடித்த பித்தளை வில்லைகளாகக் கொடுப்பார்கள். நடுவில் எழுத்தோ நட்சத்திரமோ வெட்டியெடுத்த ஓட்டை இருக்கும். அந்தச் சுரங்கத்துக் கடையைத் தாண்டினால் செல்லாது. இப்போது எங்கேயுமே செல்லாது. அதைத்தான் நான் நல்ல காசு கொடுத்து வாங்குகிறேன். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க டப்பா டப்பாவாகச் செல்லாக்காசு. ஏலத்தில் குவியலாக எடுத்து, திறந்துகூடப் பார்க்காதவை பாதி.

"மாடியில ஒண்ணு, கீழே ஆயிரம். எத்தனை செல்லாக்காசைத்தான் நான் துடைச்சு வைக்கிறது?" என்பாள் லுரீன். மாடியில் இருக்கிற ஒன்று நான்தான்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்தில் காசுச் சந்தை. பல்வலி, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். சும்மா பார்க்கத்தான் போனேன். ஆனால் காசு வியாபாரி பர்லின் மேசையில் அது இருந்தது. டாகெட் ஃபோர்க் சுரங்கக் காசு. நடுவில் D என்ற எழுத்து. திறந்த வேகத்தில் மூடிய சுரங்கம் அது. எத்தனையோ வருஷமாகத் தேடியும் என் கண்ணில் படாத காசு.

"விலையைக் கேக்காதே ஹோபர்ட், மயக்கம் போட்டுடுவே," என்றான் பர்ல்.

கேட்டேன். மயக்கம் வந்தது. கடைசியில் வண்டியில் கிடந்த என் மான் வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே கவலை. எங்கே ஒளிப்பது? சட்டைப் பையா? துவைக்கப் போடுமுன் தடவிப் பார்ப்பாள். செருப்புக்குள்ளா? நடை காட்டிக்கொடுத்துவிடும். வண்டியிலா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவள்தான் ஓட்டுவாள். இந்த யோசனையிலேயே வீட்டு வாசல் வந்துவிட்டது. வாசலிலேயே அவளும் நின்றாள். சட்டென்று காசை வாயில் போட்டேன்.

"பல்லு என்னாச்சு?"

"ம்ம்."

"பிடுங்கிட்டாரா?"

"ம்ஹூம்."

"ஏன், வாயில கொழுக்கட்டையா? வாயைத் திற, பார்க்கறேன்."

மாட்டேன் என்று பலமாகத் தலையாட்டினேன். அந்தக் கலவரத்தில் எனக்குப் புரையேறியது. "ஐயோ, என்ன மனுஷா!" என்று பதறி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். காசு மேலே வரவில்லை. செல்லாக்காசு என்று யார் சொன்னது? வழுக்கிக்கொண்டு நன்றாகவே சென்றுவிட்டது.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. எத்தனை சுரங்கத் தொழிலாளிகளின் பையில் கிடந்த பித்தளையோ! விஷமாக இருந்தால்? ஓட்டையின் முனை குடலைக் கிழித்தால்? சாவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அதற்கு முன்னாலேயே சாகவேண்டி வருமே!

"லுரீன், நான் ஒரு பட்டனை முழுங்கிட்டேன்."

"பட்டனா? எந்தச் சட்டை?"

"ஏதோ ஒரு சட்டை. வண்டியை எடு!"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளவயது லேடி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். என் வயிற்றின் நடுவே, வட்டத்துக்குள் பளிச்சென்று D.

"பட்டன்ல D போட்டிருக்கே?" என்றார் டாக்டர்.

"டிசைன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

லுரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்கு அருகில் போய்ப் பார்த்தாள். என் நெஞ்சு அடித்த அடியை எக்ஸ்ரே இல்லாமலே எல்லோரும் பார்த்திருக்கலாம்.

"உயிருக்கு ஆபத்து உண்டா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வயித்துக்கு இறங்கிடுச்சு. ரெண்டு மூணு நாள்ல தானா வெளியே வந்துடும். வலி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

"அதுவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

'அவருக்கு' என்று கேட்காமல் 'அதுக்கு' என்று கேட்டாளே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வண்டியில் ஏறியதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சந்தை, சத்தியம், துப்பாக்கி, எல்லாம். ஒரு பூகம்பத்தை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருக்குமே, பார்த்தியா?"

"இருந்துச்சு. உனக்கெப்படித் தெரியும்?"

"நம்ம கீழ்த்தளத்து டப்பாவுல கெடந்ததுதானே அது! நான்தான் பர்ல்கிட்டக் கொடுத்து விக்கச் சொன்னேன்."

"என் காசையா?"

"உன் காசா? மூணு வருஷமாத் திறந்துகூடப் பார்க்கலையே நீ!"

"அப்போ என் காசை நானே..."

"பின்ன, இந்த ஊர்ல அதை வாங்கறதுக்கு வேற எந்தப் பைத்தியம் இருக்கு? போன வருஷம் நட்சத்திர ஓட்டைக் காசு ஒண்ணு வாங்கினியே, ஞாபகம் இருக்கா?"

"அதுவுமா?"

"புது அடுப்பு வானத்துலேருந்தா விழுந்துச்சு? துப்பாக்கியைப் பத்திக் கவலைப்படாதே. பர்ல்கிட்டேருந்து என் தம்பி வாங்கிக்கறான். மான் சீசன்ல வேணும்னா அவன்கிட்ட பணிவாக் கேளு, கொடுப்பான்."

கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. வயிற்றில் காசை வைத்துக்கொண்டு என்னத்தைக் கோபப்படுவது? உயிர் பிழைத்தோமே என்று சாய்ந்து உட்கார்ந்தேன். எப்படியோ டாகெட் ஃபோர்க் காசு இப்போது என்னுடையதுதான். சொல்லப்போனால், இவ்வளவு பத்திரமாக எந்தச் சேகரிப்பாளனும் வைத்திருக்க மாட்டான்.

வீடு வந்ததும் லுரீன் என் கையைப் பிடித்துப் பதமாக இறக்கிவிட்டாள். கலியாணமான புதிதில்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது.

"ஹோபர்ட், வெளியே வந்ததும் தேய்ச்சுக் கீய்ச்சுக் கழுவிடாதே. பழைய நிறம் போச்சுன்னா, அடுத்து இதை வாங்கப்போற லெக்ஸிங்டன் ஊர்க்காரர் விலையைக் குறைச்சுடுவார்."