உச்சிவெயிலில் ஒரு தீர்ப்பு

ஊரில் நீதிமன்றம் இருந்தது. வக்கீல்களும் இருந்தார்கள். ஆனால் மக்கள் தீர்ப்புக் கேட்கப் போனது ஒரு பூந்தொட்டியிடம்!

பொட்டல்வெளியில் தானாக முளைக்கும் காட்டுப்பூ அது. அதைத் தொட்டியில் நட்டு, முற்றத்து வெயிலில் வைத்து, முன்னால் ஒரு திரையைக் கட்டி உட்கார்ந்துகொண்டார் பூவாக்குச் சாமி.

"மழையே இல்லாத இடத்துல உயிரோட இருக்குதே, இது தெய்வப் பூ இல்லாம வேற என்ன? இதுக்கு முன்னாடி சத்தியம் பண்ணு. மெய்னா விரிஞ்சிருக்கும். பொய்னா மூடிக்கும்!"

யோசிக்கிற தொல்லை விட்டதென்று கூட்டத்துக்குப் பரம திருப்தி. வரிசை தெருமுனையைத் தாண்டியது.

காணிக்கை கனமாக வைத்தால் காலை வரிசை. கையை விரித்தால் உச்சி வரிசை. காலையில் வந்த அத்தனை பேரும் உத்தமர்கள். உச்சியில் வந்தவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. காசில்லாதவன் பொய்யன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஒரு வீட்டில் மாமியாரின் சங்கிலி காணாமல் போனது. தன் செல்லப் பிள்ளையான இளைய மகனை, தாராளமான காணிக்கையோடு, அவள் காலையிலேயே கூட்டிப் போனாள். "நான் எடுக்கல" என்றான். பூ விரிந்திருந்தது. மருமகளுக்கு எதற்குத் தண்டச் செலவு? அவளுக்கு உச்சிவேளை. பூ மூடியிருந்தால் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். கட்டிய கணவனோ அம்மா முகத்தைப் பார்த்துத் தலையாட்டும் ரகம்.

மருமகள் அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா பேருந்து நடத்துநர். தோளில் தொங்கிய பையோடு உச்சி வரிசைக்கே நேரே வந்தாள்.

"அழாதடி. இந்தப் பூ நாங்க போற ரோட்டோரம் பூரா கிடக்கு. முதல் டிரிப்புல விரிஞ்சிருக்கும், மத்தியான டிரிப்புல மூடியிருக்கும். இருக்கற ஈரத்தையும் வெயில் குடிச்சிடக் கூடாதுன்னு அது பொழைக்கிற வழி. உன்னைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

தங்கையைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சாமியிடம் போனாள்.

"சாமி, 'இப்போ பகல்'னு சத்தியம் பண்ணுங்க."

"என்னம்மா விளையாட்டு?"

"மெய்தானே? சும்மா சொல்லுங்க!"

கூட்டமும் சொல்லச் சொன்னது. சாமி 'இப்போ பகல்' என்று முணுமுணுத்தார். அக்கா சட்டென்று திரையை விலக்கினாள். பூ இறுக மூடியிருந்தது.

"பகலுன்னு சொன்னாலும் பொய்யாமே!"

"பூ... பூ இன்னிக்குக் கோபமா இருக்கு."

"பரவாயில்ல. கோபம் தணியட்டும். காலையில பாப்போம்."

கூட்டம் கலையவில்லை. அதனால் சாமியாலும் கம்பி நீட்ட முடியவில்லை. விடிந்து வெயில் இதமாக ஏறியதும் அக்கா தொட்டிக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள்.

"சத்தியமா நான்தான் இந்த நாட்டு மகாராணி. நான் போற பஸ்ஸு என் பட்டத்து யானை!"

திரை விலகியது. பூ அகல விரிந்திருந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் சாமியின் தலைப்பாகை அவிழ்ந்தது.

கூட்டத்தில் மகனோடு நின்ற மாமியார் சிரிக்கவில்லை. காலை வரிசையில் பொய்யும் மெய்யாகும் என்றால்... மெல்லத் திரும்பி இளைய மகனைத் தேடினாள். அவன் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

"அய்யோ, என் சங்கிலி!"

"பெட்டியை இப்ப யாரு கட்டணும் அத்தை?" என்றாள் மருமகள்.

அந்தப் பூவாவது உயிர் பிழைக்க உச்சிவேளையில் மட்டும் மூடிக்கொள்கிறது. நீங்கள் எதற்காக ஐயா, மூளையை நாள் முழுக்க மூடி வைத்திருக்கிறீர்கள்?