ரெட்டைக்குடை எண்ணிய திமிங்கிலம்

கையில் இரண்டு குடைகளை வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்து போன மனிதர் இந்தத் தீவுகளிலேயே ஒருவர்தான். போர்ட் பிளேயரில் எங்கள் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். நேரில் அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் ரெட்டைக்குடை. பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். தபால் வராத நாட்களில் டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு வேறென்ன வேலை?

"மழை இந்த ஊத்து ஊத்துது அண்ணாச்சி, ஒண்ணையாவது விரிங்களேன்" என்பேன்.

"ஒண்ண விரிச்சா இன்னொண்ணு ஒத்தையாயிரும்லா வே."

குடை மட்டுமா? பேனா இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, டிபன் பாக்ஸ் இரண்டு. இரண்டிலும் அதே தயிர்சாதம். எல்லாம் தொழில் கொடுத்த வியாதி. டால்ஃபின், திமிங்கிலங்களின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களைப் படமெடுத்து ஜோடி சேர்த்து எண்ணுவது அவர் வேலை. இப்போது கம்ப்யூட்டரே அதைச் செய்துவிடும். இவர் நம்பமாட்டார். படத்தை அச்செடுத்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி, நீளம் பார்த்து, அதன் மேல் ஓடும் குறுக்குக் கோடு பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார். துண்டுகள் பறந்துவிடும் என்று ஃபேன் போடவும் விடமாட்டார். நாங்கள் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்போம்.

கல்யாணம் ஆகாதவர். "எல்லாத்துக்கும் ஜோடி வச்சிருக்கீங்க, உங்களுக்கு எங்க?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீளம் சரியா வருது, கோடு ஒத்துவர மாட்டேங்கு."

டால்ஃபின் பேச்சை எடுத்தால் மட்டும் நிறுத்தமாட்டார். "மாட்டுக்கு அறுவது, நீர்யானைக்கு முப்பத்தாறு. எல்லாம் ஒரே வம்சந்தான், ஆளுக்கொரு எண்ணிக்க. டால்ஃபின் கடல்ல எறங்கி உலகம் பூரா சுத்துது, நாப்பத்திநாலு மாறல. நம்மாளு மெயின்லேண்ட்ல கப்பல் ஏறி மூணாம் நாளு ‘க்யா பாய்’னு இந்தியில பேசுதான்."

ஸ்பெர்ம் திமிங்கிலம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் நாற்பத்திரண்டு என்று புத்தகத்தில் இருந்தது. "ரெண்டு வீட்டு நடுச்சுவர இடிச்சு ஒரே வீடாக்குன மாதிரின்னு எழுதியிருக்கான். சாமான் குறையல, வாசல்தான் குறைஞ்சிருக்காம். நான் எண்ணலையே வே." வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் எண்ணியதெல்லாம் நாற்பத்திநாலு. ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. நாற்பத்திரண்டைக் கண்ணால் பார்க்காமல் கப்பலேறக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

அந்த நேரம் பார்த்து வடகோடியில் திக்லிபூர் கரையில் ஸ்பெர்ம் இனத்துக் குட்டைத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. வனத்துறை அனுமதியோடு ஓடினார். போனபோது உயிர் இருந்தது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து இரண்டு நாள் தண்ணீர் ஊற்றினார், கடலுக்குள் தள்ளிப் பார்த்தார். பிழைக்கவில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் தோலில் துண்டு எடுத்தாராம். செல்கள் உயிரோடு வந்து சேரவேண்டும், செத்துவிட்டால் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க பஸ்ஸில் ஃபிளாஸ்க்கை மடியிலேயே வைத்திருந்தார்.

கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, "மச்லி ஹை க்யா?" என்றானாம்.

"மச்லி நஹி பாய். தூத் தேனே வாலா." மீன் இல்லை, பால் கொடுக்கிற இனம் என்று விளக்கியிருக்கிறார்.

"கித்னா லிட்டர்?"

சாயங்காலம் ஆபீசுக்கு வந்தவருக்கு நின்றபடியே கண் சொருகியது. ஃபிளாஸ்க்கிலிருந்து தோல் துண்டு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, "பத்திரமா வையும்" என்று சொல்லிவிட்டு புரோத்ராபூர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மீன் சந்தைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். எங்களுக்குப் பத்திரம் என்றால் ஐஸ். குழாயை ஃப்ரீசரில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வந்து குழாயை எடுத்தார். கல்லாக இருந்தது.

"ஃப்ரீசர்லயா வச்சீரு?"

"ஆமாண்ணாச்சி, கெட்டுப்போயிடக் கூடாதுன்னு..."

"ஐஸானா செல்லு வெடிச்சிரும்வே. ஒண்ணு மிஞ்சாது."

குழாயை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு மனிதரின் வாழ்நாள் ஆசையை மீனைப்போல ஐஸில் போட்டுவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது. பியூன் முன்னால், டைப்பிஸ்ட் முன்னால், அரை மணி நேரம் அழுதேன்.

பிறகு அண்ணாச்சி சாவகாசமாக இரண்டாவது டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதத்தைக் காணோம். ஈரத்துணியில் சுற்றி இன்னொரு குழாய் இருந்தது.

"இது எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல, கீழ்த்தட்டுல இருந்துச்சு. நான் எதையாவது ஒத்தையா வச்சுப் பாத்திருக்கீரா?"

"அப்ப எதுக்கு அண்ணாச்சி என்னை இவ்வளவு நேரம் அழவிட்டீங்க?"

"பேரு வச்சீருல்லா."

செல்கள் வளரச் சில வாரங்கள் ஆயின. கத்தரி எடுத்த அன்று நாங்களே எழுந்து போய் ஃபேனை நிறுத்தினோம். ஒட்டி முடித்து ஒருமுறை எண்ணினார். மறுமுறையும் எண்ணினார். "இருவத்தொரு ஜோடி. புத்தகக்காரன் பொய் சொல்லல வே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையிலிருந்த இன்னொரு கண்ணாடியையும் எடுத்துத் துடைத்தார்.

அவர் ஊருக்குக் கப்பலேறிய நாளில் கப்பல்துறையில் கொட்டும் மழை. இரண்டு குடைகளில் ஒன்றை என் கையில் திணித்தார்.

"ஒத்தையாயிருமே அண்ணாச்சி?"

"ஜோடில ஒண்ணுதான்வே அடுத்தாளுக்குப் போகும். எல்லா உசுரும் பிள்ளைக்குக் குடுக்கது அப்படித்தான்."

மிச்சமிருந்த குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான் பார்த்து அவர் நனையாமல் போனது அன்றைக்குத்தான். நான்தான் நனைந்தேன். குடை கையில்தான் இருந்தது, விரிக்க மனசு வரவில்லை.