சனிக்கிழமைப் புகார்கள்

"தம்பி, மறுபடியும் தப்பா வருது" என்றார் தையல்காரக்கா, அவன் நாற்காலியில் உட்காருவதற்குள்.

தெருவில் தண்ணீர் வரும்போது கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் செயலி அது. நகராட்சிக்காக அவன் செய்தது. சனிக்கிழமைதோறும் சமுதாயக் கூடத்தில் அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தியது. வேலை செய்யும் விதம் எளிது. வால்வுக்காரர் குழாயைத் திறந்ததும் ஒரு பொத்தானை அழுத்துவார். செய்தி உடனே பறந்துவிடும். தண்ணீர் அப்படிப் பறக்காதே! மேட்டு வீடுகளுக்கு ஏறிச் சேர நேரமாகும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி நேரம் வைத்திருந்தான்.

"அங்கதான் வம்பு. எதிர்வீட்டுக்காரிக்கு எனக்கு முன்னாடியே செய்தி வருது. அவ மூஞ்சியப் பாக்கணுமே, மகாராணிதான்!"

"அக்கா, தண்ணியே அவங்களுக்குத்தானே முதல்ல வருது?"

"தண்ணி வரட்டும். செய்தி ஏன் வரணும்?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினான். மேட்டு வீட்டுக்காரர்கள் காலிக் குடத்தோடு நின்று திட்டினார்கள். பழையபடி தனித்தனி நேரமே வைத்து, எழுத்துக்குப் பதில் குரல் அழைப்பாக மாற்றினான். தூங்குகிற குழந்தை எழுந்துவிடுகிறது என்றார் எதிர்வீட்டுக்காரி. குரலை மென்மையாக்கினான்.

"என்ன தம்பி, எழவு வீட்டுல பேசுற மாதிரி இருக்கு?" என்ற தையல்காரக்கா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனுடைய அம்மா போய் அதிக நாளாகவில்லை.

"சரி, சாப்பிட வா. வீட்டுல ஒத்தையா என்னத்தப் பொங்கிக் கிழிக்கப் போற?"

"வேலை இருக்குக்கா."

"தட்டு போட்டாச்சு. வாயை மூடிட்டு சாப்பிடு."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று அவன் கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் புகார்கள் நிற்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாக அதிகாரி எச்சரித்திருந்தார். சொன்னால் இவர்கள் பாவம் பார்த்து, "எல்லாம் சரி" என்று பொய் சொல்லிவிடுவார்கள். பயன்படுத்துகிறவர்களின் உண்மையான புகார்தான் ஒரு செயலியைச் செயலியாக்கும் என்று அவன் நம்பினான்.

அடுத்த வாரம், குரல் கரகரவென்று இருப்பதாகப் புகார். அதற்கடுத்த வாரம், குரலில் மரியாதை போதவில்லையாம். இரண்டு வாரமும் புகார் முடிந்ததும் அக்கா வீட்டில் சாப்பாடு.

மாதம் முடிந்தது. அதிகாரி புகார்ப் பக்கத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். "குறையவே இல்லையேப்பா." திட்டத்தை மூடினார்கள். அவனை வேறு ஊருக்கு, வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

வால்வடியில் பொருத்தியிருந்த பொத்தானைக் கழற்ற அவன் வந்தபோது வால்வுக்காரர் மட்டும் இருந்தார். திருகாணியைச் சுழற்றியபடியே கேட்டான்: "எவ்வளவோ பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். எங்கண்ணே தப்பு விட்டேன்?"

"நீ ஒரு தப்பும் விடலப்பா. எல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு. சரின்னு சொல்லிட்டா நீ சாப்பிட வரமாட்டேன்னு, வெள்ளிக்கிழமையானா தெருப் பொம்பளைங்க எல்லாம் என்கிட்ட வந்து, 'அண்ணே, புதுசா ஒரு குறை சொல்லுங்க'ன்னு உசிர வாங்குவாளுங்க."