பெரிய வண்டிக்குப் பழகிய இடுப்பு

பிள்ளைகளே, மனுசருக்கு மூளை தலையில் மட்டும்தான் இருக்கிறது என்று உங்கள் விஞ்ஞானப் புத்தகம் சொல்லும். நம்பாதீர்கள். எனக்கு இடுப்பிலும் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் மந்தமானது. புதுச் செய்தி அங்கே போய்ச் சேர நாளாகும்.

நீங்கள் பிறக்க முன்னர் என்னிடம் ஒரு பெரிய டூரிங் மோட்டார் சைக்கிள் இருந்தது. நெடுந்தூரம் போகவென்றே செய்த வண்டி. நான் வழக்கமாகப் போன நெடுந்தூரம் களுவாஞ்சிக்குடிச் சந்தை. (அதுவும் மரக்கறி வாங்க.) ஸ்டாண்டில் விட்டால் எருமை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நிமிர்த்துவதற்கு மூச்சை இழுத்து, பல்லைக் கடித்து, "ஹும்!" என்று இடுப்பால் ஓர் உந்து உந்த வேண்டும்.

ஒருநாள் அது பாசிக்குடா மணலில் புதைந்தது. கரைவலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு என்னை இழுத்தார்கள். அன்று உங்கள் அம்மா, "இது வேணுமா, நான் வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் யோசித்தேன். (அதுதான் பிழை.)

கடைசியில் ஏறாவூரில் ஒருவரிடம் அதைக் கொடுத்து, பாரமில்லாத குரூசர் மோட்டார் சைக்கிள் ஒன்றை மாற்றி எடுத்தேன். தாழ்ந்த சீட். சாய்கதிரையில் இருப்பதுபோல் காலை நீட்டி ஓட்டலாம்.

மறுநாளே உங்கள் சின்னம்மாவுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதுவரை உங்கள் அம்மா வீட்டுக்கு ஒரே மருமகன் நான். நல்ல கதிரையும் மீன் தலையும் எனக்கே. ஆகவே வருகிறவர்களுக்கு என் எடுப்பைக் காட்டிவிட வேண்டும் என்றிருந்தேன். சின்னம்மா அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அத்தான், எனக்கு இவரப் புடிச்சிருக்கு. குழப்பிப் போடாதீங்க. நீங்க ஒண்டும் செய்யாம இருந்தாலே போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பேனா? விடியவே தயிருக்குப் பேர்போன கரடியனாற்றுக்குப் போய், எருமைத் தயிர் முட்டிகளைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வந்தவர்கள் பார்க்கட்டும் என்று படலை வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன்.

வேனும் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையோடு இறங்கி, வண்டியின் மறுபக்கம் நின்று, "நல்ல வண்டி தம்பி" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்தது.

"மருமகன், அத அங்கால எடுங்க. வேன் உள்ள வரட்டும்" என்றார் என் மாமா.

"ஓம் மாமா!"

மூச்சை இழுத்தேன். பல்லைக் கடித்தேன். "ஹும்!"

அங்கே இல்லாத எருமையை என் இடுப்பு உந்தியது. குரூசரோ பூனைக்குட்டிபோல எழும்பி, நிமிர்ந்து, நிற்காமல் மறுபக்கம் போனது. பிடியை விடாத நானும் அதன் மேலால் போனேன். முட்டிகள் எங்கள் இருவருக்கும் முன்னால் போய்விட்டன.

வேட்டியும் வெள்ளை, தயிரும் வெள்ளை என்பதால், முதலில் ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருந்தது. பிறகு அவருடைய மீசையிலிருந்து வழிந்தது.

யன்னலுக்குள்ளிருந்து, "அத்தான்!" என்று ஒரு குரல். (அழுகையில் பாதி, கொலையில் பாதி.)

மாப்பிள்ளையின் அப்பா நாக்கு நுனியால் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"கரடியனாறா?"

"ஓம் ஐயா" என்றேன் தரையிலிருந்து.

"நல்ல தயிர். முதல்ல இதக் கழுவுவம், மறுகா கதைப்பம்."

குளித்து, என் மாமாவின் சாரனைக் கட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். சின்னம்மா கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு. கலியாணத்த வைப்பம். பந்தி உங்கட பக்கம். ஆனா தயிர் மட்டும் நாங்க கொண்டு வாறம்."

அன்றிலிருந்து நம் வீட்டு விசேசம் எதுவானாலும் தயிர் அந்த மாப்பிள்ளையான உங்கள் சித்தப்பாவின் கையால்தான் வருகிறது. மீன் தலையும் அவருக்குத்தான் போகிறது.

மூத்தவளே, நீ பிறந்தபோது உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்க நான் முதன்முதலாகக் குனிந்தேன். சித்தப்பா ஓடி வந்து, மறுபக்கம் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"மெதுவா அண்ணன். இது சின்ன வண்டி."