பெட்டி பெட்டியாகத் தெரிந்த பட்டியல்

அமிர்தகழி,
12.11.2008

கணினி உதவி மன்றத்தின் நெறியாளர் திரு. அருமைநாயகம் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற உப தபால் அதிபர் கனகசிங்கம் எழுதிக்கொள்வது. மாமாங்கேஸ்வரர் கிருபையால் தாங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் பயத்தில் இருக்கிறேன்.

முந்தநாள் என் கணினியில் தமிழெல்லாம் பெட்டி பெட்டியாகிவிட்டது. அதில் இரண்டு பட்டியல். ஒன்று ஆமிக்காரரின் முகாமுக்குக் கொடுக்கும் வீட்டாள் பட்டியல், ஆறு பேர். அதன்படி மகன் ஜெயரூபன் வெளிநாட்டில், கட்டாரில் வேலை. மற்றது சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்காகப் புதுப்பித்து வருவது, ஏழு பேர். அதன்படி அவன் வீட்டில், ஏழாவது வரியில். அதுதான் உண்மை. இப்போதும் நெல்மூடைக்குப் பின்னால் இருந்து சோறு தின்கிறான். இந்த வயதுப் பிள்ளைகளை விசாரணைக்கென்று ஏற்றினால் திரும்பி வருவது நிச்சயமில்லை, ஐயா. தங்கள் இணைய மன்றத்தில் உதவி கேட்டேன், கோப்பை இணைக்கச் சொன்னார்கள். முகாம் பட்டியல் என்று நினைத்துத்தான் இணைத்தேன். இரண்டும் பெட்டியாய்க் கிடந்தால் மனிசன் என்னத்தைக் கண்டான்? இன்று காலை வரிகளை எண்ணினேன், ஏழு. மாறி இணைத்திருக்கிறேன். அழிக்கப் போனால் பொத்தானே இல்லை. அதற்குள்ள நாற்பத்தொரு பேர் இறக்கிப் பார்த்திருக்காங்க. என் மனைவி சீதேவி, "அவனுகள் வீடு வீடாத் தேடுறானுகள், நீங்க கையில கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்து நிக்கிறீங்க" என்று அழுகிறாள்.

முப்பத்திரண்டு வருசம் தபால் கந்தோரில் இருந்தேன். ஒட்டின கடிதத்தைப் பிரித்ததில்லை, குறை விலாசத்தைத் திருத்தாமல் விட்டதுமில்லை. தாங்களோ வந்த கடிதத்தையெல்லாம் பிரித்து வாசலில் தொங்கவிடுகிறீர்கள். இணைப்பை உதவுகிறவர் மட்டும் பார்க்கட்டும். இணைக்கமுன் 'இதில் ஆட்களின் பெயர் இருக்கிறதா?' என்று கேளுங்கள். இணைத்தவனே அழிக்க ஒரு பொத்தான் வையுங்கள். அதெல்லாம் மறுகா செய்யலாம், முதலில் என்னுடையதை அழியுங்கள். பெட்டியாய்க் கிடப்பதால் எவருக்கும் வாசிக்க ஏலாது என்பதுதான் ஒரே ஆறுதல். அதை நம்பித்தான் இன்று அடுப்பு மூட்டினோம்.

தங்கள் பிள்ளைகளுக்கு ஒரே பட்டியல் போதுமென்ற வாழ்வு அமையட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
க. கனகசிங்கம்

பி.கு.: அனுப்பமுன் மன்றத்தைத் திறந்து பார்த்தேன். நிலோஜன் என்றொரு நல்ல பிள்ளை எழுத்துகளைச் சரிசெய்து எல்லாருக்கும் தெரியப் போட்டிருக்கிறார். ஏழு பெயரும் முத்து முத்தாகத் தெரிகிறது. "ஏழாவது வரியில் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறையுது ஐயா" என்றும் கேட்டிருந்தார். பழக்கதோசம், அந்த இலக்கத்தை எழுதி, நன்றியும் சொல்லிவிட்டேன். அதையும் சேர்த்து அழியுங்கள்.